இருநூற்று ஐம்பத்தாறு

எங்கள் கம்பெனியில் எனக்கு ‘மண்டை சார்’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் வெறும் ‘மண்டை’. தலை பெரியது என்பதால் வந்த பெயர் இல்லை. யார் எதைக் கேட்டாலும், “எல்லாம் என் மண்டையில இருக்கு, நீ போய் வேலையப் பாரு” என்று சொல்லிச் சொல்லியே வந்தது. இதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. வெட்கங்கெட்ட ஜென்மம்.

சோப்புத் திரவம் செய்கிற கம்பெனி. பெரிய டேங்கில் கலக்கி, இருபது லிட்டர் கேன்களில் நிரப்பி அனுப்புவோம். மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எத்தனை கேன் நிரம்பியிருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது இரும்புப் பெட்டிக்குள் இருக்கிற செங்கல் அளவுக் கருவி ஒன்று. பிஎல்சி என்போம். அதற்குப் புரோகிராம் எழுதியவன் நான். பதினோரு வருடமாக அதைத் தொட்டவனும் நான் ஒருத்தன்தான். எதை எங்கே வைத்தேன் என்று ஒரு துண்டுச் சீட்டில்கூடக் குறித்து வைத்ததில்லை. எழுதி வைக்கிறவன் மறதிக்காரன் என்பது என் கட்சி.

அந்த டேங்க்கை ஓட்டியவன் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஒன்பது வயது இளையவன். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது அவன் காதில் போட்டுவிடுவேன். மாமனார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, “பெரிய மாப்பிள்ளைக்கு மூளை, சின்ன மாப்பிள்ளைக்குக் கை” என்று மாமனார் சொல்வார். அவன் சிரிப்பான். நான் சிரிக்காமல், ஏதோ நியாயமான தீர்ப்பைக் கேட்ட மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், நான் சாப்பிடக் கிளம்புகிற நேரம் பார்த்து அவன் வந்து நின்றான்.

“அண்ணே, ஒரு சந்தேகம்.”

“சாப்பிட்டு வந்து கேக்கக்கூடாதா?”

“சின்னதுதான். வேலை முடிஞ்சதும் கேன் எண்ணிக்கைய சைபருக்குக் கொண்டுவந்துட்டுத்தானே டேங்க் கழுவுற பட்டன அமுக்குறோம்? அமுக்கின உடனே எண்ணிக்கை இருக்கிற எடத்துல எரநூத்தி அம்பத்தாறுன்னு காட்டுது. கழுவி முடிச்சு ஸ்டாப் அமுக்கினா மறுபடி சைபர். ஒரு கேன்கூட நிரப்பலயே, அது எங்கேருந்து வருது?”

இருநூற்று ஐம்பத்தாறு என்று காதில் விழுந்ததும் என் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தூக்கிவாரிப் போட வேண்டும். எனக்குப் போடவில்லை. பசி. அதைவிட, சகலை கேட்டு நான் யோசிப்பதா என்ற திமிர்.

“அது கழுவுற நம்பர்யா. கழுவல் ஓடுதுன்னு மெஷின் உனக்குச் சொல்லுது. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி.”

“ஓ, அப்படியா!” என்றான். அவ்வளவு மரியாதையாக. மறுநாள் பார்த்தால், தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதிப் பேனலில் ஒட்டி வைத்திருந்தான்: ‘256 வந்தால் கழுவல் ஓடுகிறது.’ புதிதாக வருகிற ஆபரேட்டர்கள் எல்லோரும் அதைப் படித்துத்தான் வேலை கற்றுக்கொண்டார்கள். நான் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அது சட்டமாகிவிட்டதே என்று ஒரு நாளும் எனக்கு உறுத்தவில்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், டேங்க் நிறையச் சரக்கு இருக்கும்போதே அடிவால்வு திறந்துகொண்டது. கழுவும்போது அழுக்குத் தண்ணீர் போவதற்காக இருக்கிற வால்வு அது. இரண்டாயிரம் லிட்டர் சோப்பு தரையெல்லாம் ஓடியது. பக்கத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அக்கா, எங்கள் எல்லோருக்கும் அவர் ‘லேபிள் அக்கா’தான், எழுந்து ஓடப் பார்த்து வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. சகலை பாய்ந்து போய் ஸ்டாப்பை அமுக்கியிருக்காவிட்டால் இன்னும் நாலு பேர் விழுந்திருப்பார்கள்.

மேனேஜர் அறையில் விசாரணை நடந்தது. நானும் இருந்தேன்.

“சத்தியமா நான் கழுவுற பட்டனத் தொடவே இல்ல சார்” என்றான் சகலை. “கேன் மாத்திட்டு இருந்தேன்.”

“அந்த நேரம் பேனல்ல என்ன காட்டுச்சு?” என்றார் மேனேஜர்.

அவனுக்குப் பொய் சொல்ல வராது. “எரநூத்தி அம்பத்தாறு சார்.”

“அப்படின்னா என்ன அர்த்தம்? நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “கழுவல் தானா ஓட வழி இருக்கா?”

“மெஷின் தானா எதையும் பண்ணாது சார். அமுக்கினாத்தான் ஓடும். புரோகிராம் நான் எழுதினது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் காதில் கேட்கிறது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வெளியே வந்ததும், “கவனமா இருந்திருக்கலாம்ல சகலை? என் பேரும் சேர்ந்து கெடுது பாரு” என்று வேறு ஒரு குத்து. அவனை லோடு ஏற்றும் இடத்துக்கு மாற்றினார்கள். வேலையில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்பதை முடிவு செய்யக் கடைசி விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை என்று தேதி குறித்தார்கள்.

அந்த விசாரணைக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். புதிதாக ஒரு பம்ப் சேர்க்க வேண்டும், பிஎல்சியில் அதற்கு மெமரி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வந்தார். முப்பது வயது இருக்கும். லேப்டாப்பைக் கேபிளில் மாட்டிவிட்டு, “மெமரி எவ்வளவு ஓடுது சார்?” என்று கேட்டார்.

“கிட்டத்தட்ட நிரம்பியிருக்கும். நான் பாத்துப் பாத்துச் சிக்கனமா எழுதியிருக்கேன்” என்றேன். நான் தொழில் பழகிய காலத்துக் கருவிகளில் இடம் ரொம்பக் குறைச்சல். கட்டம் கட்டமாக மிச்சம் பிடிப்போம். அந்தப் பழக்கம் விடவில்லை. அதுவும் ஒரு பெருமை.

அவர் ஏதோ ஒரு இடத்தில் சொடுக்கினார். திரையில் ஒரு வட்டம் வந்தது. பதினெட்டு சதவீதம்.

“எண்பத்திரண்டு சதவீதம் சும்மா கிடக்கு சார்” என்றார். கிண்டல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். என் காது மட்டும் சூடாகியது. பதினோரு வருடத்தில் அந்தப் பக்கத்தை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. மண்டையில் இருக்கும்போது திரையில் எதற்கு?

அவர் அடுத்த பக்கத்தைத் திறந்தார். அது ஒரு பெரிய அட்டவணை. மெமரி என்பது வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள், அவ்வளவுதான். ஒரு வரிக்கு எட்டுக் கட்டம். ஒரு கட்டத்தில் ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம். எண்ணிக்கை மாதிரி ஒரு எண்ணை வைக்க வேண்டுமானால் இரண்டு வரியை முழுதாக ஒதுக்க வேண்டும். ஒற்றைக் கட்டத்தைப் பயன்படுத்தியிருந்தால் அந்த அட்டவணையில் ஒரு புள்ளி இருக்கும். எண்ணுக்காக வரியை ஒதுக்கியிருந்தால் வரி முழுக்க ஒரு கோடு இருக்கும். புள்ளி இருக்கிற வரியில் கோடு இருக்கக்கூடாது, கோடு இருக்கிற வரியில் புள்ளி இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே வரியில் இருந்தால் ஒரே நாற்காலியில் இரண்டு பேரை உட்கார வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

“சார், நாப்பதாவது வரியில ரெண்டும் இருக்கே” என்றார் அந்தப் பெண்.

குனிந்து பார்த்தேன். நாற்பதிலும் நாற்பத்தொன்றிலும் கோடு. கேன் எண்ணிக்கை. அதே நாற்பதாவது வரியின் முதல் கட்டத்தில் ஒரு புள்ளி. கழுவல் ஆணை. மூன்று வருடத்துக்கு முன்னால் கழுவுகிற வேலையைச் சேர்த்தபோது, நாற்பது காலியாக இருக்கிறது என்று என் மண்டை சொல்லியிருக்கிறது. நானும் நம்பி வைத்திருக்கிறேன்.

எண்ணிக்கை இருநூற்று ஐம்பத்தைந்து வரைக்கும் கீழ் வரியான நாற்பத்தொன்றுக்குள்ளேயே அடங்கிவிடும். இருநூற்று ஐம்பத்தாறு ஆனதும் மேல் வரியான நாற்பதின் முதல் கட்டம் ‘ஆம்’ ஆகும். அந்தக் கட்டத்தில்தான் ‘டேங்க்கைக் கழுவு’ என்ற ஆணையை வைத்திருந்தேன். பட்டனை அமுக்கினால் எண்ணிக்கை இருநூற்று ஐம்பத்தாறாகத் தெரியும். எண்ணிக்கை இருநூற்று ஐம்பத்தாறைத் தொட்டால், யாரும் எதையும் அமுக்காமலே அடிவால்வு திறக்கும்.

ஒரு ஷிஃப்டில் இருநூறு, மிஞ்சினால் இருநூற்று இருபது கேன்தான் நிரப்புவோம். அடுத்த ஆள் வந்ததும் சைபரிலிருந்து ஆரம்பிப்பான். அதனால் மூன்று வருடம் தப்பித்தது. அன்றைக்கு அடுத்த ஷிஃப்ட் ஆள் வரவில்லை. வண்டி காத்து நிற்கிறது என்று சகலை தானே தொடர்ந்து நிரப்பிக்கொண்டிருந்தான். இருநூற்று ஐம்பத்தாறாவது கேனை நிரப்பியிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். “என்ன, இடம் இருக்கா?”

“தாராளமா இருக்கு சார்” என்றார் அந்தப் பெண். பிறகு என்னிடம் திரும்பி, “இந்த நாப்பது...” என்று இழுத்தார்.

“அது பழசு மேடம். இப்ப யூஸ்ல இல்ல” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். யூஸில் இல்லையென்றால் அட்டவணையில் வராது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். “சரி சார், பாத்துச் சரி பண்ணிருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினார். வயசுக்கு மரியாதை கொடுத்தார் போலிருக்கிறது. அந்த மரியாதைக்கு நான் லாயக்கில்லை.

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு என் லேப்டாப்பை மாட்டினேன். பழைய புரோகிராமை ஒரு நகல் எடுத்து வைத்தேன். கழுவல் ஆணையை நாற்பதிலிருந்து தொண்ணூறாவது வரிக்குத் தூக்கி வைத்தேன். இரண்டு நிமிட வேலை. ஆறு வாரமாக ஒரு மனிதன் மூட்டை தூக்குகிறான், ஒரு பொம்பளை கட்டுப்போட்ட கையோடு திரிகிறாள், எல்லாம் இந்த இரண்டு நிமிட வேலைக்கு. முதலில் சரி செய்வோம், ஆபத்து நீங்கட்டும், சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில், சகலையின் இடத்துக்கு வந்த புது ஆபரேட்டர் ஓடி வந்தான். “சார், கழுவுற பட்டன அமுக்கினேன், எரநூத்தி அம்பத்தாறு வரல. சைபர்லயே நிக்குது. ஸ்டாப் பண்ணிட்டேன். ரிப்பேர்னு மேனேஜர்கிட்ட சொல்லட்டுமா?”

அடப்பாவி! சரி செய்ததே காட்டிக்கொடுக்கிறது. “யாருக்கும் சொல்ல வேணாம். அஞ்சு நிமிஷம் இரு” என்றேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் நான் செய்ததை எழுதுவதற்கே கூசுகிறது. கழுவல் ஓடும்போது எண்ணிக்கை இருக்கிற இடத்தில் 256 என்று காட்டும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னது சோம்பேறித்தனத்தில் உளறியது. இது தெரிந்தே, உட்கார்ந்து, சோதித்துப் பார்த்து எழுதிய பொய். ஆபரேட்டர் மறுபடி அமுக்கினான். 256 வந்தது. “சூப்பர் சார்! மண்டை மண்டைதான்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் கோபப்படவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது?

அன்று சாயங்காலம் சகலை என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு காகிதம். எங்கள் வீட்டுச் சின்ன ஹாலில் ஒரே ஒரு சோபா. எப்போதும் வந்ததும் அதில் சாய்ந்து உட்காருகிறவன், அன்றைக்கு நுனியில் உட்கார்ந்தான். என் மனைவி டீ போடப் போனாள்.

“அண்ணே, வெள்ளிக்கிழமைக்கு ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதியிருக்கேன். தப்ப ஒத்துக்கிட்டா வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்கன்னு யூனியன்ல சொன்னாங்க. நீங்க ஒருக்கா படிச்சுப் பாத்து, தப்பு இருந்தா திருத்திக் குடுங்க. எனக்கு எழுத்து சரியா வராது.”

“நீதான் அமுக்கவே இல்லன்னியே?” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“அப்படித்தான் நெனச்சிருந்தேன்.” அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஆறு வாரமா யோசிச்சுப் பாத்துட்டேன். எரநூத்தி அம்பத்தாற நான் என் கண்ணால பாத்தேன் அண்ணே. அது கழுவுற நம்பர்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்ப நான்தான் அமுக்கியிருப்பேன். முழங்கை பட்டிருக்கும். எனக்குத்தான் ஞாபகம் இல்ல. லேபிள் அக்கா வீட்டுக்கும் போயி, ‘நான்தான் அக்கா, மன்னிச்சிருங்க’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்க அழுதுட்டாங்க.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்கூட. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. என் மனைவிக்குத் தெரிந்தால், அவள் தங்கைக்குத் தெரிந்தால், மாமனாருக்குத் தெரிந்தால் என்று ஒவ்வொரு முகமாக வந்தது. மூளைக்கார மாப்பிள்ளை. திறந்த வாயை மூடிக்கொண்டு காகிதத்தைப் படித்தேன்.

‘நான் கவனக்குறைவாக தவறு செய்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தான். ‘கவனக்குறைவாக’வுக்குப் பிறகு ஒரு ‘த்’ வர வேண்டும். பேனாவை எடுத்து அந்த ‘த்’தைப் போட்டேன். கீழே தேதி இல்லை, அதையும் போடச் சொன்னேன். மடித்துக் கொடுத்தேன்.

“ரொம்ப நன்றி அண்ணே. நீங்க இல்லாட்டி எனக்கு யாரு இருக்கா?” என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனான். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து, “செருப்ப நான் வெளியதானே விட்டேன்?” என்று கேட்டான். வெளியேதான் கிடந்தது.

அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

“தங்கச்சி போன் பண்ணினா. அவர் நடவடிக்கையே சரியில்லையாம். கதவப் பூட்டிட்டு நாலு தடவ திரும்பி வந்து இழுத்துப் பாக்கறாராம். கேஸ மூடினேனா, கேஸ மூடினேனான்னு அவளயே கேக்கறாராம். நேத்து பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விடச் சொன்னா, ‘நீயே கூட்டிட்டுப் போ, ரோட்ல நான் கைய விட்டாலும் விட்டுருவேன், எனக்கே தெரியாது’ன்னாராம். அப்படி ஒரு மனுஷன் பேசுவாரா? என்னங்க, நீங்களாவது கூப்பிட்டு ரெண்டு வார்த்தை தைரியம் சொல்லக்கூடாதா?”

எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றுதான் மூன்று நாளாக எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் அவன் வேலையை மட்டும் எடுக்கவில்லை. தன் கை என்ன செய்தது என்று தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையையே அவனிடமிருந்து எடுத்துவிட்டேன். என் புரோகிராம் என் ஞாபகத்தின்மேல் எழுதப்பட்டது. அது சரி என்று காட்ட, அவன் ஞாபகத்தைத் தப்பு என்று ஆக்கிவிட்டேன். த்தூ என்று கண்ணாடியைப் பார்த்துத் துப்பத் தோன்றியது. துப்பவில்லை. அந்த நாடகமெல்லாம் ஆகாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, மனைவியிடம் முழுதாகச் சொன்னேன். அவள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, “நேத்து அவர் வந்தப்பவே தெரியுமா?” என்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் சகலை அந்த லெட்டரை நீட்டுவதற்குள் நான் எழுந்து நின்றேன்.

“சார், லெட்டர அப்புறம் பாக்கலாம். எல்லாரும் டேங்க்கிட்ட வாங்க. ஒண்ணு காட்டணும்.”

டேங்க்கில் வெறும் தண்ணீர் நிரப்பச் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை எடுத்து வைத்த பழைய நகலை ஏற்றினேன். எண்ணிக்கையை இருநூற்று ஐம்பதில் கொண்டுவந்து நிறுத்தினேன். மேனேஜர், யூனியன்காரர், கட்டுப்போட்ட கையோடு லேபிள் அக்கா, புது ஆபரேட்டர், எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள்.

“சகலை, நீ பேனல விட்டுத் தள்ளி நில்லு. கையக் கட்டிக்க.”

“எதுக்கு அண்ணே?”

“கட்டிக்கயேன்.”

கட்டிக்கொண்டான். புது ஆபரேட்டர் கேன்களைச் செருகினான். இருநூற்று ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றும் நிரம்ப அரை நிமிடம். ஐம்பத்தைந்து. ஆறாவது கேன் நிரம்பியது, திரையில் 256 வந்தது, தடாலென்று அடிவால்வு திறந்தது. தண்ணீர் தரையில் பாய்ந்து எல்லோருடைய காலையும் நனைத்தது. லேபிள் அக்கா அலறிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“யாரும் எதையும் அமுக்கல” என்றேன். “ஒரே எடத்துல ரெண்ட வச்சிருக்கேன். தப்பு என்னுது. அவன் மேல ஒண்ணும் இல்ல. அது கழுவுற நம்பரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் அன்னிக்கு வாய்க்கு வந்தத அளந்துவிட்டேன்.” பிறகு அந்தப் பொய் வரியைச் சேர்த்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முகத்தில் ரத்தம் ஏறியது.

சகலை கட்டிய கையை இன்னும் பிரிக்கவில்லை. வால்வையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

“அப்ப நான் அமுக்கல?”

“அமுக்கல.”

“முழங்கைகூடப் படல?”

“படல.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல அந்த நேரத்திலும் ஒரு சந்து இருந்தது. இன்று காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம். என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

“செவ்வாய்க்கிழமை” என்றேன்.

அவன் உதடு அசைந்தது. நாளை எண்ணுகிறான் என்று தெரிந்தது. “நான் லெட்டரோட வந்தது புதன்கிழமை.”

“ஆமா.”

“தெரிஞ்சுக்கிட்டேவா திருத்திக் குடுத்தீங்க?”

“ஆமா.”

கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவன் என்னைத் தாண்டிப் போனான். டேங்க்கிலிருந்து தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பேனல் முன்னால் போய் நின்று கையைப் பிரித்தான். ஸ்டாப் பட்டன் வரைக்கும் விரலைக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

“எல்லாரும் பாத்துக்கங்க” என்றான் உரக்க. “இப்ப நான் ஸ்டாப்ப அமுக்கப்போறேன்.”

அமுக்கினான். வால்வு மூடியது. தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“நான்தான் அமுக்கினேன். பாத்தீங்கல்ல சார்?”

“பாத்தேன்” என்றார் மேனேஜர்.

“நீங்க பாத்தீங்களா?” யூனியன்காரர் தலையாட்டினார். “அக்கா, நீங்க?” லேபிள் அக்கா கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் தூக்கி, “பாத்தேன் தம்பி, பாத்தேன்” என்று சொல்லி அழுதார். புது ஆபரேட்டரிடமும் கேட்டான். ஒவ்வொருவராக, ஆம் என்று சொல்லும்வரை முகத்தைப் பார்த்து நின்று கேட்டான்.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னிடம் அவன் கேட்கவில்லை.